பனிக்குப் போக மணலில் நடந்தோம்

என் கணவர் மந்தைவெளி திருப்பத்தில் ஸ்கூட்டரோடு விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டது ஒரு மழைக்காலத்தில். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனால் வீட்டுக்கு வந்தவர் வாக்கரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். விழுந்தது ஒரே தரம்தான். அதோடு தரையின் மேலேயே அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போய்ச் சேர்வதற்குள் சட்டை வியர்வையில் நனைந்துவிடும்.

நான் மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. வேலை முடிந்து வந்தால் அவர் படுத்தபடியே போனில் எதையாவது பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சுக் கொடுத்தால் "ம்" என்பார். ஒரு நாள் சாயங்காலம் காபியை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறேன், மனிதர் சிரித்துக்கொண்டிருக்கிறார். விபத்துக்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

"இங்க வந்து பாரேன். எத்தனை பேர் விழறா! விழுந்துட்டு சிரிச்சுண்டே எழுந்துக்கறா."

ஜப்பானில் ஏதோ ஒரு மலையில் பனிச்சறுக்கு. காலில் நீளப் பட்டைகளைக் கட்டிக்கொண்டு வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் குப்புற விழுந்துகொண்டிருந்தார்கள்.

"விழறதுக்குன்னே டிக்கெட் வாங்கிண்டு போறாளா?" என்றேன்.

"நாமளும் போலாமா?"

விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்து, "போலாமே, அதுக்கென்ன" என்று சொல்லி வைத்தேன். மறுநாள் காலையில், மடிக்கணினியைக் கொண்டுவந்து கொடு என்றார். நாங்கள் இருவரும் பனியைக் கண்ணால் கண்டதில்லை. கொடைக்கானலிலேயே காதில் மப்ளர் கட்டிக்கொள்கிற ஆசாமி அவர். இருந்தாலும் அன்றைக்கு அவர் தலையணையில் சாய்ந்து நிமிர்ந்து உட்கார்ந்த விதத்தைப் பார்த்த பிறகு, வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பேர்பெற்ற இடங்களையெல்லாம் ஒதுக்கிவிட்டார். "வாழ்க்கை பூரா பேங்க் கவுன்ட்டர்ல கூட்டத்தப் பாத்தாச்சு. கூட்டமே இல்லாத மலையா பாப்போம்." அப்படித் தேடித்தேடி ஒரு சின்ன மலை கிராமத்தைக் கண்டுபிடித்தார். சரிவுக்கு மேலே ஏற்றிவிடும் கம்பி நாற்காலி வரிசை அங்கே ஒன்றுதான். அடிவாரத்தில் ஒரு கணவனும் மனைவியும் நடத்தும் விடுதி. பெயர் தெரியாத ஊர் என்பதே அவருக்குப் பெரிய சிபாரிசாகப் போய்விட்டது.

எனக்கு வேறு கவலை. அந்த ஊரில் சூப், குழம்பு எல்லாவற்றுக்கும் உலர்ந்த மீனைப் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர்தான் ஆதாரம் என்று படித்திருந்தேன். நாங்கள் மீன், கறி, முட்டை சாப்பிடமாட்டோம், மீன் கொதித்த தண்ணீரும் ஆகாது என்று விளக்கமாக ஆங்கிலத்தில் எழுதினேன். எங்கள் மொழி என்ன என்று கேட்டார் விடுதிக்கார அம்மாள். சொன்னேன். அன்றிலிருந்து போனில் மொழிபெயர்த்துத் தமிழிலேயே பதில் அனுப்பத் தொடங்கினார். "நீங்கள் மீனுடன் பேசுவதில்லை என்று அறிந்தேன். கடல்பாசியும் உலர்ந்த காளானும் போட்டு மீனைத் தொந்தரவு செய்யாத சூப் செய்வேன்." இதைப் படித்துவிட்டு நாங்கள் இருவரும் சிரித்ததில் காபி ஆறிப்போயிற்று.

கொட்டிவாக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வரும் பிசியோதெரபிப் பெண்ணுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

"இன்னா மாமா, ஜப்பானுக்கு வாக்கர்லயேவா போப்போறீங்க? அந்த ஏர்போர்ட்டுல நடக்கவே ஒரு நாளாகும்."

வழக்கமாக அவள் வாசலில் வந்து நின்றால் தூங்குவது போலப் பாவனை செய்பவர், அன்றைக்குக் கூடத்தைச் சுற்றி நடந்து முடித்துவிட்டு, "இன்னொரு ரவுண்ட் போலாமா?" என்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். நான் சமையலறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கோடை வந்தது. வாக்கர் போய்க் கைத்தடி வந்தது. கொளுத்துகிற வெயிலில் தி.நகரில் ஒரு கடைக்குப் போய்க் குளிருக்கான கோட்டைப் போட்டுப் பார்த்தோம். விற்பனைப் பெண் மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, "சீக்கிரம் கழட்டிருங்க சார், மயக்கம் வந்துரும்" என்றாள். அவர் கழற்றாமல் கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தார்.

அதற்கப்புறம்தான் அந்த மருத்துவப் பரிசோதனை. எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு டாக்டர் பாராட்டினார். பனிச்சறுக்கு என்றதும் பேனாவைக் கீழே வைத்தார். "நடங்க, மலை ஏறுங்க, எங்க வேணா போங்க. ஆனா சறுக்கு மட்டும் வேண்டாம். இனி எப்பவுமே வேண்டாம். இன்னொரு தரம் அதே இடத்துல அடி பட்டா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

ஆட்டோவில் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அவர், "கேன்சல் பண்ணிடு" என்றார். இரண்டு நாள் மறுபடியும் அந்தப் பழைய "ம்". கைத்தடி கதவு மூலையிலேயே கிடந்தது.

விடுதிக்கார அம்மாளுக்கு உள்ளதை உள்ளபடி எழுதினேன். மன்னிக்க வேண்டும், என் கணவர் சறுக்கக் கூடாதாம், அதனால் வரவில்லை என்று. காலையில் பதில் வந்திருந்தது. அதை நான் படிக்கவில்லை. போனை அப்படியே அவர் கையில் கொடுத்தேன்.

"என் கணவரும் முழங்கால் காரணமாகச் சறுக்குவதில்லை. பனிக்காலணி அணிந்து தினமும் ஆற்றங்கரையில் நடக்கிறார். தனியாக நடப்பதால் அதிகம் முணுமுணுக்கிறார். உங்கள் கணவர் வந்தால் இரண்டு பேரும் முணுமுணுக்கலாம். நீங்கள் சறுக்கலாம். தயவுசெய்து வாருங்கள்."

அவர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு நிமிர்ந்து, "நீ சறுக்குவியா?" என்று கேட்டார்.

"நானா? புடவை தடுக்கினாலே விழறவ நான்!"

"விழு. நான் பாத்துண்டிருக்கேன்."

அந்தக் கணம் வரை அது அவருடைய பயணம், நான் துணைக்குப் போகிறவள் என்றுதான் நினைத்திருந்தேன். இந்த வயதில் எனக்கென்று இப்படி ஒரு காரியத்தைச் செய்வேன் என்று தோன்றவே இல்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் சரி என்றேன்.

பனியில் நடப்பது ஏறக்குறைய மணலில் நடப்பது மாதிரிதான் என்று பிசியோதெரபிப் பெண் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்களைப் பெசன்ட் நகர் கடற்கரைக்கு வரச் சொல்லி, அவருடைய இரண்டு கையிலும் இரண்டு கம்புகளைக் கொடுத்தாள். அவர் கரையோரம் நடக்க, நான் பக்கத்தில் முழங்காலை மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலையில் தொடை நடுங்க நிற்பேன். வாக்கிங் வந்த ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "இன்னா சார், பாதயாத்திரையா?" என்று கேட்டார். "ஆமா, ஜப்பானுக்கு" என்றார் இவர். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார், நம்பினாரோ என்னவோ.

பிப்ரவரியில் போனோம். எனக்குச் சரியாகச் சறுக்க வரவில்லை. குழந்தைகள் பழகும் சரிவில் விழுந்தேன், எழுந்தேன், மறுபடி விழுந்தேன். கடைசியில் ஒரே ஒரு தடவை, மேலிருந்து கீழே வரை விழாமல் வந்தேன். காற்று முகத்தில் அறைய, எனக்கே தெரியாமல் கத்திவிட்டேன். கீழே வேலியோரம் என் கணவரும் விடுதிக்காரரும் கம்புகளை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார்கள். இரண்டு பேரும் கம்பைத் தூக்கிக் காட்டினார்கள்.

அந்த இருவருக்கும் பொது மொழி கிடையாது. தினமும் காலையில் ஆற்றங்கரைக்குப் போய்விட்டு மூக்கு சிவந்து திரும்பி வருவார்கள். "அப்படி என்னதான் பேசினேள்?" என்று ஒரு நாள் கேட்டேன். "அவர் முழங்காலைப் பத்திச் சொன்னார், நான் இடுப்பைப் பத்திச் சொன்னேன்" என்றார். அது எப்படிச் சாத்தியமாயிற்று என்று நான் கேட்கவில்லை.

என் கணவருக்கு நடை திரும்பி வந்ததில் டாக்டரின் கைக்கும், கொட்டிவாக்கத்துப் பெண்ணின் பொறுமைக்கும் பெரும் பங்கு உண்டு. இருந்தாலும் முகம் தெரியாத இருவருக்கு "வாருங்கள்" என்று எழுதிய அந்த அம்மாளை நினைக்காமல் ஒரு நாளும் போவதில்லை. அவர் வெறுமனே, பரவாயில்லை என்று எழுதியிருக்கலாம். அதில் ஒரு தப்பும் இல்லை. நாங்களும் அதோடு விட்டிருப்போம்.

இப்போது அவர்கள் சென்னைக்கு வருவதாக இருக்கிறார்கள். இலையுதிர் காலம் முடிந்து பனி தொடங்குவதற்கு முன், நவம்பரில் மட்டும்தான் விடுதியைப் பூட்ட முடியுமாம். நவம்பரில் இங்கே அடைமழை பெய்யும், தெருவில் தண்ணீர் நிற்கும் என்று எச்சரித்து எழுதினேன். "எங்களிடம் குடை இருக்கிறது" என்று பதில் வந்தது. மாடி அறையை ஒழித்துப் பெருக்கிக்கொண்டிருக்கிறார் என் கணவர். குனியாதீர்கள் என்றால் கேட்பதில்லை.