லோர்னா ஓட்டிய வீடுகள்

தன் சொந்த வீட்டுக் கதவைப் புருஷன் தட்டியதைப் பார்த்த அன்றுதான், அந்த வீட்டை விற்றுவிடுவதென்று லோர்னா முடிவு செய்தாள்.

ராய்ஸ் உயரழுத்த மின்கம்பி இழுக்கும் லைன்மேன். எந்த மாநிலத்தில் புதுக் கோபுரம் எழும்புகிறதோ, எங்கே புயலில் கம்பங்கள் சாய்கின்றனவோ, அங்கே அவனுக்கு வேலை. வருஷத்தில் பத்து மாதம் வெளியில்தான். மிசூரியில் இருந்த வீட்டில் லோர்னாவும் மகள் டெஸ்ஸாவும் மட்டும். லோர்னா பள்ளிப் பேருந்து ஓட்டினாள். பதினோரு வருஷம் ஒரே தடம். அந்த முறை ராய்ஸ் நான்கு நாள் விடுப்பில் வந்திருந்தான். வாசல் கதவு பூட்டியிருக்கவில்லை. இருந்தும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மெதுவாக இரண்டு தட்டு தட்டிவிட்டு நின்றான். சமையலறை ஜன்னல் வழியாக லோர்னா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் அதை வேணும்னு செய்யல, ஓப்பல். கை தானாப் போயி தட்டிச்சு. அதான் எனக்குப் பயமாப் போச்சு" என்று வெகுநாள் கழித்து என்னிடம் சொன்னாள்.

ஆறு மாதத்தில் வீடு கைமாறியது. பிக்கப் டிரக்கின் முதுகில் கொக்கி போட்டு இழுக்கும் முப்பத்தெட்டு அடி டிரெய்லர் ஒன்றை வாங்கினார்கள். படுக்கையறை, சமையல் மேடை, குளியலறை, பின்பக்கம் டெஸ்ஸாவுக்கு அலமாரி அளவில் ஒரு அறை. அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. இரண்டு பெட்டிதான் கொண்டுவரலாம் என்று அம்மா சொன்னதும், ஒரு பெட்டியில் துணி, இன்னொன்றில் டிராம்போன் என்று கட்டிவிட்டாள். இழுத்து நீட்டி ஊதும் அந்தப் பித்தளைக் குழாயை டிரெய்லருக்குள் முழுசாக நீட்ட முடியாது. குளிர்சாதனப் பெட்டியில் முட்டும். முழுசாக நீட்டினால் மட்டுமே வரும் கடைசி இரண்டு சுரமும் அவளுக்கு இல்லாமல் போயின.

முதல் வருஷம் கான்சாஸில். சின்ன இடத்தில் வாழ்வதுதான் கஷ்டமாக இருக்கும் என்று லோர்னா நினைத்திருந்தாள். ஆறு நிமிஷத்துக்குள் குளிப்பது, கழிவுத் தொட்டி நிரம்புவதற்குள் குழாயை மாட்டித் திறந்துவிடுவது, கிளம்பும் நாளில் தட்டுகளுக்கு நடுவே துண்டு செருகுவது எல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிட்டது. பழகாதது ராய்ஸ்தான். பதினாறு வருஷம் தனி ஆளாக மோட்டல் அறைகளில் கிடந்தவன். நின்றுகொண்டே சாப்பிடுவான். டிவியைச் சத்தமாக வைப்பான். எட்டரைக்குத் தூங்கி நாலு மணிக்கு எழுவான். அம்மாவும் மகளுமோ ராத்திரிச் சாப்பாட்டை ஒரு மணி நேரம் இழுத்து, ஊர்க்கதை பேசிச் சிரித்துப் பழகியவர்கள். இப்போது கிசுகிசுவென்று பேச வேண்டியிருந்தது. அந்த வீட்டில் அறைந்து சாத்தக்கூட ஒழுங்கான கதவு இல்லை. கோபம் வந்தால் லோர்னா போய் டிரக்கில் உட்கார்ந்துகொள்வாள்.

ஒரு நாள், பாடம் படித்துக்கொண்டிருந்த டெஸ்ஸாவிடம் விளக்கை அணைக்கச் சொன்னான் ராய்ஸ்.

"இது முடிஞ்சதும் அணைக்கிறேன்பா."

"இப்ப அணை. ஒரு வீட்ல இருந்தா ஒரு ஒழுங்கு வேணும்."

"வீடா? இது உங்க ரூம்பா. நானும் அம்மாவும் இங்க விருந்தாளி. எப்ப கிளம்பணும்னு சொல்லுங்க, கிளம்பறோம்."

லோர்னா அடிதடி வரும் என்று பயந்து நடுவில் எழுந்தாள். ராய்ஸ் விளக்கை அப்படியே விட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். மறுநாள் வேலை முடிந்து வந்தவன், கூடத்தில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்த தன் சாய்வு நாற்காலியைக் கழற்றினான். கதவு வழியாக முழுசாக வராததால் அறுத்தே வெளியே எடுத்தான். அந்த இடத்தில் ஒரு மேஜையைப் போட்டான். அன்றைக்கு அவன் உட்கார்ந்து சாப்பிட்டான். என்ன பேசுவது என்று தெரியாமல், கோபுரத்தின் உச்சியில் கூடு கட்டியிருந்த பருந்தைப் பற்றிச் சொன்னான். டெஸ்ஸா தலையைத் தூக்காமல், "குஞ்சு இருந்துச்சா?" என்று கேட்டாள். மூணு இருந்தன.

அவர்களை நான் பார்த்தது அதற்கடுத்த ஏப்ரலில். இந்தியானாவின் வடக்கே, சோளக்காட்டுக்கு நடுவில், இப்படிப்பட்ட வண்டிவீடுகள் நிறுத்தும் முகாம் ஒன்றை நானும் என் புருஷன் ஹார்லனும் பார்த்துக்கொள்கிறோம். யாராவது புதிதாக வந்து டிரெய்லரைப் பின்னோக்கி ஏற்றினால் எங்களுக்கு அதைவிடப் பொழுதுபோக்கு இல்லை. நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். எத்தனையோ நல்ல கல்யாணங்கள் அந்தப் பத்து நிமிஷத்தில் ஆட்டம் கண்டிருக்கின்றன.

ராய்ஸ் ஓட்ட, லோர்னா பின்னால் நின்று கை காட்டினாள்.

"இடது! இடது!"

"எந்த இடது? உன் இடதா, என் இடதா?"

"உலகத்துல எத்தனை இடதுடா இருக்கு?"

"கையை ஆட்டாத, ஈ ஓட்டற மாதிரி இருக்கு!"

நான்காவது முயற்சியில் எங்கள் தண்ணீர்க் குழாய் வளைந்தது. லோர்னா நடந்து போய் டிரக் கதவைத் திறந்தாள்.

"இறங்கு."

"என்னது?"

"நாப்பது அடி பஸ்ஸ பதினோரு வருஷம் ஓட்டினவ நான். அறுபது புள்ளைங்க உள்ள கத்திட்டு இருக்கும்போது ஓட்டினேன். இறங்குன்னேன்."

பேருந்து வேறு, டிரெய்லர் வேறு; இதில் சக்கரத்தைத் திருப்பும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வால் போகும். முதல் தடவை அவளும் தப்பாகத்தான் போனாள். வண்டியை நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு, வெறும் காற்றில் ஸ்டியரிங்கைத் திருப்புவதுபோல் கையால் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெல்ல, மிக மெல்ல, பதினாலாம் எண் இடத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தினாள். ஹார்லன் கைதட்டினான். ராய்ஸ், "எங்கிட்ட ஏன் முதல்லயே சொல்லல?" என்று கேட்டான். "நீ கேக்கவே இல்லையே" என்றாள். அன்றிலிருந்து டிரெய்லர் எங்கே போனாலும் அவள்தான் ஓட்டினாள். அந்தக் கோடையில் புயல் வேலைக்காக ராய்ஸை லூசியானாவுக்கு அவசரமாகக் கூப்பிட்டபோது, மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஆயிரம் மைல் தனியாக இழுத்துப் போய்ச் சேர்த்தாள். செப்டம்பரில் திரும்பவும் அவளே கொண்டுவந்து அதே பதினாலில் நிறுத்தினாள்.

எங்கள் துணி துவைக்கும் அறை நீளமானது. டெஸ்ஸா அங்கே வந்து டிராம்போனை முழுசாக நீட்டி ஊதுவாள். முதல் வாரம் எனக்குத் தலைவலி. மூன்றாம் வாரம் நான் துண்டு மடிப்பதை அவள் ஊதும் நேரத்துக்கு ஒத்திப்போட்டேன். பக்கத்துப் பள்ளியின் பாண்டு வாத்தியக் குழுவில் சேர அவளுக்கு ஆசை. ஆனால் நவம்பரில் ராய்ஸின் வேலை முடிந்தது. அடுத்தது டெக்சாஸில்.

"நான் வரல. இங்கயே ஏதாவது ஒரு வீட்ல தங்கிப் படிக்கிறேன்" என்றாள் டெஸ்ஸா.

அதைச் சொல்லத்தான் லோர்னா என்னிடம் வந்தாள். ஈரத்துணியை எந்திரத்திலிருந்து எடுத்து, மறுபடி அதே எந்திரத்தில் போட்டாள். "எல்லாரும் ஒண்ணா இருக்கணும்னுதானே வீட்ட வித்தேன்? இப்ப ஒவ்வொருத்தரும் ஒரு மூலைக்குப் போனா, நான் எதை வித்தேன், எதை வாங்கினேன்?"

நான் யோசனை சொல்வதற்குள் ராய்ஸ் வேறு விதமாகத் தீர்த்துவிட்டான். யாரிடமும் சொல்லாமல் உள்ளூர் கூட்டுறவு மின்சங்கத்துக்குப் போய் வேலை கேட்டு வாங்கிவந்தான். சம்பளம் குறைவு. கோபுரம் கிடையாது, தெருக்கம்பம்தான்.

"உனக்குப் பிடிக்காதே, ராய்ஸ்."

"பிடிக்காதுதான். ஆனா அந்த மோட்டலுக்கு இனிமே என்னால போக முடியாது. ராத்திரி சாப்பிடும்போது யாராவது பேசணும் எனக்கு. கெடுத்துட்டீங்க என்னை."

அந்தக் குளிர்காலம் டிரெய்லர் நகரவில்லை. அடியில் குளிர் புகாமல் பலகை அடைத்தார்கள். தண்ணீர்க் குழாய்க்குச் சூடேற்றும் கம்பி சுற்றினார்கள். டெஸ்ஸா பள்ளிக்குப் போனாள். ராய்ஸ் ஐந்தரைக்கு வீட்டில் இருந்தான். பன்றி இறைச்சி வறுக்கக் கற்றுக்கொண்டான். ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்த லோர்னா மட்டும் டிரக்கைத் தினமும் கழுவிக்கொண்டிருந்தாள். பனியில் நின்று கழுவினாள். பள்ளிப் பேருந்து ஓட்ட ஆள் தேவை என்று நான் சொன்னபோது தலையாட்டிவிட்டுப் போகாமலேயே இருந்துவிட்டாள்.

பிப்ரவரியில் ஒரு நாள் காப்பியோடு என் எதிரே உட்கார்ந்தாள். "நாலு மாசமா ஜன்னல்ல தெரியற அந்த ஒரே மரத்தப் பாத்துட்டு இருக்கேன், ஓப்பல். நல்ல மரம்தான். நான்தான் நல்லவ இல்ல போல."

எங்கள் வட்டாரத்தில்தான் இந்த டிரெய்லர்களைச் செய்யும் தொழிற்சாலைகள் வரிசையாக இருக்கின்றன. புது டிரெய்லரைக் கொக்கி போட்டு இழுத்துப் போய் ஏதோ ஒரு மாநிலத்துக் கடையில் விட்டுவிட்டு வெறும் டிரக்கோடு திரும்புவது இங்கே பலருக்குப் பிழைப்பு. லோர்னா கேட்டாள், ஒரே நாளில் எடுத்துக்கொண்டார்கள். முதல் பயணம் ஐடஹோவுக்கு.

ராய்ஸ் படியில் உட்கார்ந்துவிட்டான். "நான் வந்து சேந்ததும் நீ கிளம்பற."

"தெரியும்."

"இது நியாயமா லோர்னா?"

"இல்ல. நியாயமான்னு பாத்தா நான் போகவே கூடாது. ஆனா போகாம இருந்தா இன்னும் ஆறு மாசத்துல எரிஞ்சு விழுவேன். அந்தச் சின்ன இடத்துல நீங்க ரெண்டு பேரும் எங்க ஒதுங்குவீங்க?"

மறுநாள் காலையில் அவன் அவளுக்கு ரொட்டிக்குள் இறைச்சி வைத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தான். சின்னச் சின்னக் கடுகுச் சாந்துப் பொட்டலங்கள் ஆறைக்கூட எடுத்து வைத்திருந்தான் என்று லோர்னா என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

இரண்டு வருஷம் நன்றாகவே ஓடியது. வாரத்தில் நான்கு நாள் அவள் சாலையில், மூன்று நாள் வீட்டில். பிறகு ஒரு பிப்ரவரி வந்தது. சனிக்கிழமை மாநிலத் தனி வாசிப்புப் போட்டி. டெஸ்ஸா எட்டு மாதமாக அதற்கே உழைத்திருந்தாள். வெள்ளிக்குள் வந்துவிடலாம் என்று கணக்கிட்டு லோர்னா யூட்டாவுக்கு ஒரு நடை போனாள். திரும்பும்போது வயோமிங்கில் பனிப்புயல். நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். இரண்டு நாள் ஒரு டீசல் நிலையத்தில் இருநூறு லாரிகளோடு நின்றாள். சனிக்கிழமை மத்தியானம் போன் செய்தாள்.

"எப்படி வாசிச்ச கண்ணு?"

"ரெண்டாவது."

"ஐயோ, நான் இருந்திருக்கணும்..."

"பரவால்லம்மா" என்றாள் டெஸ்ஸா. தட்டையாக, ஏற்ற இறக்கம் இல்லாத குரலில். போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டாள்.

திங்கள் மாலை வந்து சேர்ந்த லோர்னா, கோட்டைக்கூடக் கழற்றாமல் மேஜையில் ராய்ஸுக்கு எதிரே உட்கார்ந்தாளாம்.

"'பரவால்ல'ன்னு சொன்னா. அந்தக் குரல் அவளுக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். பதினாறு வருஷம் போன்ல நான் உனக்குச் சொன்ன 'பரவால்ல' அது. எத்தனை தடவ சொல்லியிருப்பேன், ராய்ஸ்?"

"நான் எண்ணல."

"எண்ணியிருப்ப."

அவள் முன்னால் தட்டை வைத்துவிட்டு, "முதல் வருஷம் எண்ணினேன். அப்புறம் விட்டுட்டேன்" என்றான்.

அவனை அவள் அன்றுவரை ஓடிப்போனவனாகவே மனசில் வைத்திருந்தாள். அந்தப் பக்கம், கையில் போனோடு, ஏதோ ஒரு மாநிலத்தின் மூடிய சாலையோரம் நிற்பவனுக்கு என்ன இருக்கும் என்று நினைத்ததே இல்லை. மன்னிப்பு கேட்டாளா என்று நான் விசாரித்தேன். "கேட்டேன். 'சாப்பாடு ஆறுது'ன்னான்" என்றாள்.

டெஸ்ஸா ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டு வந்ததும், நான் துண்டு மடித்துக்கொண்டிருந்த துவைக்கும் அறைக்கு அம்மாவை இழுத்துவந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தாள். "முழுசா கேக்கணும். நடுவுல பேசக் கூடாது" என்று போட்டியில் வாசித்ததைத் தொடங்கினாள். மூன்று நாளாகச் சரியாகத் தூங்காத லோர்னா இரண்டாம் பகுதியிலேயே வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டாள். டெஸ்ஸா பார்த்தாள், நிறுத்தவில்லை. கடைசிச் சுரம் வரை வாசித்து முடித்து, குழாயைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். "எங்கம்மா பஸ்ஸுல யாராவது தூங்கினா கடைசி நிறுத்தம் வரைக்கும் எழுப்ப மாட்டா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, உலர்த்தும் எந்திரத்திலிருந்து சூடான போர்வையை எடுத்துப் போர்த்தினாள்.

அதற்குப் பிறகு டிசம்பர் முதல் மார்ச் வரை லோர்னா வண்டி எடுப்பதில்லை. அந்த மாதங்களில் பள்ளிப் பேருந்துக்கு மாற்று ஓட்டுநராகப் போகிறாள். டெஸ்ஸா இப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருஷம். இசை இல்லை, சிவில் என்ஜினியரிங். விடுதி அறை டிரெய்லரைவிடப் பெரிசு, எதிரொலிக்கிறது என்று குறை சொல்கிறாள். ராய்ஸுக்கு முழங்கால் வலி; கம்பம் ஏறுவதை விட்டு மேற்பார்வைக்கு வந்துவிட்டான்.

இப்போது இருவர் மட்டும்தானே, வீடு வாங்கலாமே என்று நான் கேட்டேன். "வாங்கலாம்தான்" என்றாள் லோர்னா. "எந்த ஊர்லன்னு ரெண்டு பேருக்கும் ஒத்து வரல. அவன் இங்கயேங்கறான். நான் இன்னும் பாத்து முடிக்கல."

இன்று புதன்கிழமை. ஒரு புது டிரெய்லரை ஓரிகனில் விட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருக்கிறாள். நெப்ராஸ்காவில் எங்கேயாவது இருப்பாள். பதினாலாம் எண்ணில் ராய்ஸ் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, வெங்காயம் நறுக்கியபடி அவளிடம் பேசிக்கொண்டிருக்கிறான்.