ஜுலைகா பேரில் ஒரு வியாதி

ஜுலைகாவிடம் "டீ குடிக்கிறியா?" என்று கேட்டுப் பாருங்கள். "குடிக்கலாம்... இப்பத்தான் குடிச்ச மாதிரி இருக்குது... நீங்க குடிக்கிறதுன்னா பாக்கலாம்" என்பாள். டீ ஆறிப்போகும், பதில் வராது. ஆனால் குஞ்சம் கட்ட உட்கார்ந்தால் அவள் வேறு ஆள். பட்டுப்புடவை தறியிலிருந்து அறுத்து வந்ததும் முந்தானை நூலைப் பிரித்து, தொடையில் வைத்து உருட்டி, ஒரே மூச்சில் முடிச்சுப் போட்டுக்கொண்டே போவாள். காஞ்சிபுரத்தில் நாலு பெரிய கடைக்காரர்கள் அவள் கைக்காகக் காத்திருப்பார்கள். அவள் வீட்டுக்காரர் அப்துல் ரஹ்மானுக்குக் கோயில் பக்கத்தில் வளையல் கடை. பகலெல்லாம் பெண்கள் இதா அதா என்று திண்டாடுவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், பாவம், இங்கேயும் அதே கூத்துதான்.

இப்படிப்பட்ட பொம்பளையின் தலையில்தான் ஒரு தீவு வந்து விழுந்தது.

அவள் மகள் அஞ்சுமுக்கு இருபத்து மூணு வயசு. புடவைக் கடை ஒன்றில் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிற வேலை. ஷோயப் என்கிற பையனோடு நிச்சயமாகி ரெண்டு மாசம் ஆகிறது. பையன் சென்னையில் மூக்குக்கண்ணாடிக் கடையில் இருக்கிறான், தங்கமான பிள்ளை. அவனுடைய அக்கா அம்பரீன்தான் ஒருநாள் போன் செய்தாள்.

"ஆன்ட்டி, கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு குடும்பமும் சேர்ந்து ஒரு ட்ரிப் அடிக்கலாமா? மண்டபம் பக்கத்துல சின்னதா ஒரு தீவு. கரையில நின்னாலே தெரியும். வேன்ல போய் எறங்கி, காலைல போட்ல போனா சாயங்காலம் திரும்பிடலாம். ஸ்நார்க்லிங் பண்ணலாம்!"

"பண்ணலாம்மா, தாராளமா பண்ணலாம்" என்றாள் ஜுலைகா. அது என்னவென்று அவளுக்கு எங்கே தெரியும்? சாயங்காலம் அப்துல் ரஹ்மான் செல்போனில் ஒரு வீடியோ போட்டுக் காட்டினார். கண்ணுக்குக் கண்ணாடி, வாயில் ஒரு குழாய், முகம் தண்ணீருக்குள், முதுகு வெயிலில்.

"என்னாங்க இது, பொணமாட்டம் குப்புற மெதந்துக்கினு இருக்காங்க?"

"அடியில மீனு பாக்குறாங்கடி."

"மீனு பாக்கணும்னா மார்க்கெட்டுக்குப் போவக் கூடாதா?"

அதற்கப்புறம் தெருவே அவளைக் குழப்பியது. வெறும் வயிற்றோடு படகு ஏறினால் குமட்டும் என்றாள் பக்கத்து வீட்டு லில்லி. சாப்பிட்டு ஏறினால்தான் குமட்டும் என்றார் லில்லியின் புருஷன் யேசுதாஸ். வேன் ஓட்டப் போகிறவரே அவர்தான், அதனால் அவர் சொல்வதையும் தள்ள முடியவில்லை. தண்ணீரில் புர்காவோடு இறங்குவதா, தலையோடு கால் மூடுகிற நீச்சல் உடுப்பு கிடைக்கிறதாமே அதை வாங்குவதா, பிரியாணி கட்டிக்கொண்டு போவதா, தீவில் அதெல்லாம் விடமாட்டார்களா? ஜுலைகா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். எதையும் முடிவு பண்ணவில்லை.

இதெல்லாம் வெளியில் சொல்லக்கூடிய குழப்பம். சொல்ல முடியாதது ஒன்று உள்ளே கிடந்தது.

அஞ்சுமுக்கு வலிப்பு உண்டு. பதினைந்து வயசில் பள்ளிக்கூடப் பிரேயரில் நின்றுகொண்டிருந்தவள் தடாலென்று விழுந்தாள். அடுத்தது வீட்டுக் குழாயடியில். சென்னை டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். படிக்கலாம், வேலைக்குப் போகலாம், கல்யாணம் பண்ணலாம், பிள்ளை பெறலாம், உயரத்தில் ஏறும்போதும் தண்ணீரில் இறங்கும்போதும் மட்டும் கவனம் என்றார். காலையும் ராத்திரியும் மாத்திரை தப்பாமல் போடுகிறாள். கடைசியாக வந்து ரெண்டரை வருஷமாகிவிட்டது.

டாக்டர் சொல்லிவிட்டார், சரி. ஊர் சொல்ல வேண்டுமே! வலிப்பு வருகிற பெண் என்று ஒரு வாய்க்குத் தெரிந்தால் போதும், மாப்பிள்ளை என்று ஒருத்தன் இந்தத் தெருவுக்குள் காலெடுத்து வைப்பானா? அதனால் முதல் தடவை மருந்து வாங்கப் போனபோதே ஜுலைகா டாக்டர் சீட்டின் மேல்பக்கத்தை, பேர் எழுதியிருக்கிற இடத்தை, மடித்துப் பிடித்துக்கொண்டாள். மருந்துக்கடைக் குமாரவேல், "யாருக்கும்மா இது?" என்றான்.

"எனக்குத்தான்பா."

வாழ்க்கையில் அவள் பட்டென்று சொன்ன பதில் அது ஒன்றுதான். அன்றிலிருந்து எட்டு வருஷமாக அஞ்சுமின் மாத்திரை ஜுலைகா பேரில்தான் வீட்டுக்கு வருகிறது. இந்த ஊரில் பெண் பிள்ளைகளுக்கு ஏதாவது ஒன்று என்றால் அம்மாக்கள் பேரில் வாங்குவது புதுசும் இல்லை. குமாரவேல் நல்லவன். "தனியா ரோடு கிராஸ் பண்ணாதீங்கம்மா, வந்துட்டா என்னா பண்ணுவீங்க?" என்று கரிசனமாகக் கேட்பான். ஜுலைகாவும் நோயாளி மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு வருவாள்.

மாப்பிள்ளை வீட்டில் சொல்லவில்லை. "நிக்காஹ் ஆவட்டும், அப்பறம் பக்குவமா சொல்லிக்கலாம்" என்றார் அப்துல் ரஹ்மான். "சொல்லலாம்... சொல்லாமயும் இருக்கலாம்" என்றாள் இவள். அப்படியே ரெண்டு மாசம் போய்விட்டது.

இந்த லட்சணத்தில் அம்பரீன் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியலை அனுப்பினாள். போகிற எட்டுப் பேருக்கும் ஆளுக்கு ஒரு வரிசை. பேர், எடை, நீச்சல் தெரியுமா, அதற்குப் பக்கத்தில் ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு ஏதாவது உண்டா? யார் எழுதினாலும் எல்லாரும் பார்க்கலாம். "உண்மையா போடுங்க ஆன்ட்டி. போட்காரங்க இதப் பாத்துட்டுத்தான் ஏத்துவாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்."

மூணு நாள் ஜுலைகா அந்தப் பட்டியலைத் திறந்தாள், மூடினாள். உண்டு என்று எழுதினால் கல்யாணம் அதோடு சரி. இல்லை என்று எழுதினால்? அந்த வீடியோ கண்முன்னால் வந்து நின்றது. எல்லாருமே குப்புறத்தான் மிதக்கிறார்கள். அங்கே அஞ்சுமுக்கு வந்தால் ஒருத்தருக்கும் தெரியாது, மீன் பார்க்கிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார்கள். சரி, போகவே வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றால், அந்தப் பெண் ஒரு மாசமாக ஆசையில் துள்ளிக்கொண்டிருக்கிறாள். "நெஜ மீனோட கலர பாத்துட்டு வந்து ஒரு முந்தானை போடப் போறேன் பாரு அம்மி" என்று தினமும் சொல்கிறாள். மாத்திரை போடுறேனே, ஒண்ணும் ஆவாது என்று அவளுக்கு ஒரு தைரியம். பெண்ணை மட்டும் அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கவும் முடியாது. நிச்சயமான பெண், கூட அம்மா போயே ஆக வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு வழி கிடைத்தது. மருந்துக்கடையில் செய்ததைத்தானே செய்யப் போகிறோம் என்று தன் பேருக்கு நேராக "வலிப்பு உண்டு" என்று போட்டாள். அஞ்சும் பேருக்கு நேராக "எதுவும் இல்லை". எனக்கு வியாதி, நான் தண்ணீரில் இறங்க முடியாது, மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு கரையிலேயே உட்கார வேண்டும், தீர்ந்தது! சின்ன வயசிலிருந்து இப்படி ஒரு தெளிவு தனக்கு வந்ததில்லை என்று அவளுக்கே பெருமையாக இருந்தது.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடியும் என்பது இதைத்தான். மத்தியானம் போன் வந்தது. அம்பரீனோடு அவள் அம்மாவும் ஸ்பீக்கரில் இருந்தார்.

"ஆன்ட்டி, உங்களுக்கு ஃபிட்ஸா? ஒரு வார்த்தை சொல்லவே இல்லியே! எப்பலேர்ந்து?"

"எட்டு வருஷமா இருக்குதும்மா... இல்ல, சின்ன வயசுலயே... நடுவுல நின்னு போயி..."

சம்பந்தியம்மா குறுக்கே வந்தார். "இது பரம்பரையா வருமா ஜுலைகா? உங்க அம்மாவுக்கு இருந்திச்சா? அஞ்சுமுக்கு ஒண்ணும் இல்லியே?"

"இல்ல ஆபா... இருக்காது... அதாவது..."

"அதாவதுன்னா?"

"குக்கர் விசில் வருது ஆபா" என்று போனை வைத்தாள். அடுப்பில் குக்கரே இல்லை. யாரைக் காப்பாற்ற எழுதினாளோ, சந்தேக விரல் நேராக அந்த அஞ்சுமிடமே போய் நின்றது. அரைமணி யோசித்து, "அந்தத் தேதியில தென்னேரியில சொந்தக்காரங்க வீட்டு விசேஷம், ட்ரிப்புக்கு வர முடியாது" என்று அம்பரீனுக்குச் செய்தி அனுப்பினாள். கடைக்குப் போன் போட்டு நடந்ததைச் சொல்லி வீட்டுக்காரரிடம் அழுதாள். விசேஷத்தைச் சொல்ல மறந்துவிட்டாள். மனுஷர் பதறிப்போய்த் தன் பங்குக்கு அம்பரீனைக் கூப்பிட்டு, தனக்கு நாலு நாளாகக் கடுமையான ஜுரம், ட்ரிப் வேண்டாம் என்றார். "அங்கிளுக்கு ஜுரம்னா தென்னேரிக்கு யாரு போறாங்க ஆன்ட்டி?" என்று அம்பரீனிடமிருந்து செய்தி வந்தது. ஜுலைகா போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டாள்.

சாயங்காலம் அஞ்சும் வேலை முடிந்து வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"லிஸ்ட்ட பாத்தேன். என்னா அம்மி இது?"

"உனக்காகத்தான்டி... அவங்களுக்குத் தெரிஞ்சா..."

"ஷோயப்புக்குத் தெரியும்."

"என்னா தெரியும்?"

"எல்லாம். நிச்சயத்துக்கு முந்தின நாளே போன்ல சொல்லிட்டேன். எனக்கு ஒண்ணுமில்ல, வீட்ல நான் சொல்றேன்னாரு. ரெண்டு மாசமா சொல்லல. அவருக்கு அவங்க அம்மான்னா பயம்."

ஜுலைகாவுக்குச் சந்தோஷப்படுவதா, அறைவதா என்று தெரியவில்லை. "என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"உன்கிட்ட சொன்னா நீ கொழம்பிப் போயி இன்னும் நாலு பொய் சொல்லுவ."

அஞ்சும் செல்போனில் பட்டியலைத் திறந்து, அம்மா பேருக்கு நேரே இருந்ததை அழித்தாள். ஜுலைகா தாவி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேணாம்டி! கல்யாணம் நின்னு போவும். உனக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னுதானே நான் இவ்ளோ நாளா..."

"ஆவும் அம்மி. எனக்குத்தான் ஆவும், உனக்கு ஆவாது. நீ எத்தினி தடவ உன் பேர்ல எழுதினாலும் கீழ விழுறது நான்தான். உன் பேர்ல இருந்தா எல்லாரும் உன்னப் பாத்துக்கினு இருப்பாங்க. என்னை யாரு பாப்பாங்க?"

ஜுலைகா கையை எடுத்தாள். வாய்விட்டு அழுதாள். எட்டு வருஷத்தில் இது அவளுக்கு ஒருநாளும் தோன்றவில்லை. அஞ்சும் தன் பேருக்கு நேராக "வலிப்பு உண்டு, மாத்திரை எடுக்கிறேன்" என்று எழுதினாள். எழுதின கையோடு அவளும் அம்மாவின் தோளில் சாய்ந்து அழுதாள்.

பத்து நிமிஷம் ஆகியிருக்கும். தலையணைக்கு அடியிலிருந்து போன் அடித்தது. சம்பந்தியம்மா.

"ஜுலைகா, பட்டியல்ல மாத்தி எழுதியிருக்குது. எது நெஜம்?"

"ரெண்டாவது எழுதினதுதான் ஆபா. எனக்கு ஒண்ணுமில்ல. என் பொண்ணுக்குத்தான் இருக்குது."

அந்தப் பக்கம் பின்னால் ஷோயப்பின் குரல் ஏதோ கெஞ்சிக்கொண்டிருந்தது. "நீ சும்மா இருடா" என்று ஒரு அதட்டல். ஜுலைகா கண்ணை மூடிக்கொண்டாள்.

"என் புள்ள இப்பத்தான் வாயத் தெறக்குறான். உங்க மேல எனக்குக் கோவம். அவன் மேல அதுக்கும் மேல கோவம். அத நேர்ல வந்து பேசிக்கிறேன்."

"சரி ஆபா."

"டாக்டர கேக்காம அவ தண்ணியில எறங்கக் கூடாது."

"எறங்க மாட்டா."

"போட்ல என் பக்கத்துல உக்காரட்டும். போட்காரங்ககிட்டயும் நானே சொல்லி வைக்கிறேன். அவளுக்கு வந்தா என்னா பண்ணணும்? எனக்குத் தெரியாது. நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்."

எட்டு வருஷமாக ஜுலைகாவிடம் இதை ஒருத்தரும் கேட்டதில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள்.

"கீழ படுக்க வச்சு ஒருக்களிச்சுத் திருப்பணும் ஆபா. கைகால அமுக்கிப் பிடிக்கக் கூடாது. வாயில எதுவும் வைக்கக் கூடாது. சாவி, இரும்பு எதையும் கையில குடுக்கக் கூடாது, அதெல்லாம் சும்மா. கடிகாரத்தப் பாக்கணும். அஞ்சு நிமிஷத்துக்கு மேல போச்சுன்னா ஆஸ்பத்திரி. நின்னதும் அவ முழிச்சுப் பாக்குறப்போ பக்கத்துல தெரிஞ்ச முகம் இருக்கணும்."

"அவ்ளோதானா?"

"பயப்படக் கூடாது ஆபா. அது ஒண்ணு மட்டும் எனக்கு இன்னும் வரல."