சாட்சி நேரத்தில் நான் வாசித்த பாட்டு

எங்கள் சபையின் மேடையோரத்தில் இருக்கும் கீபோர்டு அண்ணன் வாங்கித் தந்தது. பட்டாளத்தில் சேர்ந்து முதல் லீவில் வந்தபோது, அதை மடியில் கிடத்திக்கொண்டு ஆட்டோவில் திருமுல்லைவாயில் வீட்டுக்கு வந்து இறங்கினான். "சர்ச்ல இனிமே நீதான் வாசிக்கணும், தெரிதா?" என்றான். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் நான்தான் வாசிக்கிறேன். அத்தனை ஞாயிறுகளில் ஒன்றே ஒன்று மட்டும் இல்லாமல் போயிருக்கலாம்.

எங்கள் ஆராதனையில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. நோய் தீர்ந்தவர்கள், வேலை கிடைத்தவர்கள் எழுந்து நின்று, கர்த்தர் செய்த நன்மையைச் சொல்வார்கள். யாராவது முடிக்கத் தெரியாமல் இழுத்துக்கொண்டே போனால், நான் மெல்ல ஒரு ஸ்தோத்திரப் பாட்டை எடுத்துவிடுவேன். சபை கைதட்டிப் பாட ஆரம்பித்துவிடும். பேசுகிறவர் அசடு வழிந்தபடி உட்கார்ந்துவிடுவார். யாரையும் நோகடிக்காத நல்ல ஏற்பாடு என்று எல்லோரும் மெச்சிக்கொள்வோம். அண்ணன் லீவில் வரும்போதெல்லாம் அம்மா அவனைச் சாட்சி சொல்ல எழுப்பிவிடுவாள். "கர்த்தர் எல்லையில பத்திரமா காத்தாரு, ஸ்தோத்திரம்" என்று அரை நிமிடத்தில் முடித்துக்கொள்வான். அம்மாவுக்குப் பெருமை தாங்காது.

மூன்றாவது முறை எல்லைக்குப் போய்த் திரும்பியபோது ஆளே வேறாக வந்தான். சாப்பிட உட்கார்ந்தாலும் வாசலைப் பார்த்தபடிதான் உட்காருவான். ஒருநாள் பைக்கில் என்னை ஆவடி மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனவன், வழியில் வண்டியை ஓரங்கட்டினான்.

"மறுபடியும் மேல, பார்டருக்குப் போவணும்ன்றாங்க. என்னால முடியாது. காதுல சத்தம் கேட்டுகினே கீது. கண்ண மூடுனா அந்த ஊடுதான் வருது."

டாக்டரிடம் சொல்லேன் என்றேன். அம்மாவிடம் ஏற்கெனவே சொல்லிப் பார்த்திருக்கிறான். "மனசு சரியில்லன்னு மிலிட்டரி ஆஸ்பத்திரில எழுதிட்டாங்கன்னா புரமோஷன் போச்சு, பொண்ணும் எவனும் குடுக்க மாட்டான். முழங்கால் போட்டு ஜெபம் பண்ணு" என்று அவள் வாயை அடைத்துவிட்டாள். அதனால் அவனே ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். "சாட்சில சொல்லிடப் போறேன். எல்லார் காதுலயும் வுழுந்துட்டா அம்மாவால மறைக்க முடியாது. திங்கக்கெழம ஆஸ்பத்திரிக்குப் போயிருவேன். நீ மட்டும் என் பக்கம் நில்லு, போதும்."

நிற்கிறேன் என்றேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா முந்திக்கொண்டாள். பூந்தமல்லியிலிருந்து ஒரு குடும்பம் மூன்றாவது வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தது, பெண்ணோடு. யாரென்று அண்ணனுக்குத் தெரியாது. எனக்கே நான் கீபோர்டின் முன் உட்கார்ந்த பிறகுதான் அம்மா காதோடு சொன்னாள்: "மாப்ள பாக்க வந்துகீறாங்க. உங்கண்ணன் ஏதாவது உளற ஆரம்பிச்சா பாட்டை எடுத்துடு."

அண்ணன் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். தூக்கம் இல்லை என்றான். எனக்காக ஜெபம் பண்ணுங்க என்றான். பிறகு, "ஒரு ஊட்டுக் கதவ ஒதச்சேன். உள்ள ஒரு அம்மா சப்பாத்தி சுட்டுகினு இருந்தாங்க. அவங்க திரும்பி..." என்றான்.

எங்கள் அம்மா என்னைப் பார்த்தாள். விரல் தானாகப் போய்விட்டது என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். நான்தான் வாசித்தேன். சபை கைதட்டிப் பாடியது. பாஸ்டர் அல்லேலூயா என்றார். அண்ணன் மைக்கை மேடையில் வைத்துவிட்டு உட்கார்ந்தான். அந்த வீட்டு அம்மா திரும்பிய பிறகு என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை அவன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. லீவு முடிந்ததும் ரயிலேறி, நாலாவது முறையாக எல்லைக்குப் போனான்.

அடுத்த லீவில் அந்தப் பெண்ணையே கட்டிவைத்தோம். ஒன்றரை வருடம் தாக்குப்பிடித்தாள். பையோடு வாசலில் நின்றபோது அவள் அண்ணனைக் குறை சொல்லவில்லை. "அன்னிக்கு அவரு சொல்லத்தான் வந்தாரு. நீங்கதான் பாட்டு வாசிச்சீங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். நாங்கள் அவளையும் சேர்த்துத்தான் ஏமாற்றியிருக்கிறோம்.

இப்போது அவன் பட்டாளத்தை விட்டு வந்து வீட்டோடு இருக்கிறான். எங்கள் வீட்டில் சப்பாத்தி போடுவதில்லை. பக்கத்து வீட்டில் வாசனை வந்தாலே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான். ஏன் என்று கேட்க எங்களுக்கு வாயில்லை. யார் கண் பட்டதோ என்கிறாள் அம்மா. கேட்கும்போது பற்றிக்கொண்டு வருகிறது. அவனைத் திரும்பத் திரும்ப மேலே அனுப்பியவர்கள்மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அவன் பக்கத்தில் நிற்கச் சொல்லிக் கேட்டது அவர்களிடம் இல்லை.

போன மாதம், விவரம் தெரியாத புதிய பாஸ்டர், "நம்ம மிலிட்டரி பிரதர் ஒரு சாட்சி சொல்லட்டும்" என்று அழைத்தார். அண்ணன் எழுந்தான்.

"கர்த்தர் இம்மட்டும் பத்திரமா காத்தாரு. ஸ்தோத்திரம்."

சொல்லிவிட்டு உட்காரவில்லை. அவன் வாங்கித் தந்த கீபோர்டையும், அதன்மேல் இருந்த என் கைகளையும் பார்த்தான்.

"அவ்ளோதான். நீ வாசி" என்றான்.