ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்த வீடு

சிகரெட் புகையும் நனைந்த பேப்பரும் கலந்த ஒரு நாற்றம்... சான்ட்ரிங்ஹாம் ரோட்டு டெலிபோன் பெட்டிக்குள் நுழைந்தால் முதலில் மூக்கில் ஏறுவது அதுதான். இன்றைக்கும் எங்காவது ஈரப் பேப்பர் மணந்தால் என் கை தானாகச் சில்லறையைத் தேடும்.

ரென்டுக்கு வீடு தேடும் பிள்ளைகள் இந்தக் குழுவில் பலர் இருக்கிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

நான் ஆக்லாந்துக்கு வந்த இரண்டாவது குளிர்காலம். பெயின்ட் டின் செய்யும் ஃபேக்டரியில் வேலை. ஒரே அறையில் நாலு பேர். என் மனைவி கமலாவும் இரண்டு வயது மகளும் யாழ்ப்பாணத்திலிருந்து வர ஐந்து கிழமைதான் இருந்தது. அதற்குள் ஒரு வீடு பிடிக்க வேண்டும்.

சனிக்கிழமைப் பேப்பரில் வீட்டு விளம்பரங்களுக்கு வட்டம் போட்டு, அந்தப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகக் கோல் எடுப்பேன். பெயரைச் சொன்னதும் ஒரு சின்ன மௌனம்... பிறகு, “சாரி, இட்ஸ் கான்.” வீடு போய்விட்டதாம்.

ஏழு வீடும் அப்படியே போயின.

அறையில் மூத்தவர் சிவமண்ணை. என் பெயரைக் கேட்டதும்தான் வீடு போகிறது என்று அவரிடம் சொன்னேன்.

“உனக்கு எல்லாத்திலையும் சந்தேகம் தம்பி. வீடு உண்மையாப் போயிருக்கும்.”

“ஏழும் போகுமோ அண்ணை?”

“அப்ப உன்ரை இங்கிலீசு அவைக்கு விளங்கியிருக்காது.”

அறையே சிரித்தது.

என் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் தந்ததல்ல. வேலை முடிந்து லைப்ரரியில், அகராதியைப் பக்கத்தில் வைத்து நானே படித்தது. அப்போது கையில் இருந்த புத்தகம், அமெரிக்கக் கறுப்பர்கள் நிறப்பிரிவினையை எதிர்த்து நின்ற வரலாறு. வெள்ளையருக்கு மட்டும் என்ற சாப்பாட்டுக் கடைகளில் போய் உட்கார்ந்தார்கள். தலையில் சீனியைக் கொட்டினாலும் எழும்பவில்லை. வீட்டு விஷயத்தில் இன்னொரு வழி வைத்திருந்தார்கள். முதலில் ஒரு கறுப்பர் போய்க் கேட்பார். வீடு போய்விட்டது என்பார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு வெள்ளையர் போவார். வீடு திரும்பி வந்திருக்கும்! இருவரும் நேரத்தைக் குறித்துக் கையெழுத்து வைப்பார்கள்.

அந்தப் பக்கத்தை மூன்று தரம் வாசித்தேன்.

ஃபேக்டரியில் என் பக்கத்து மெஷின்காரன் கெவின், வெள்ளைக்காரன். விஷயத்தைச் சொன்னதும் அவனும் சிரித்தான். இந்த நாட்டில் அதெல்லாம் கிடையாது, நீயாகக் கற்பனை பண்ணுகிறாய் என்றான். வந்து பார் என்றேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை. மூன்று பத்துக்கு நான் எடுத்தேன். “சாரி, இட்ஸ் கான்.” மூன்று பதினைந்துக்கு அதே பெட்டியிலிருந்து, அதே நம்பருக்கு, கெவின் எடுத்தான். நாலு மணிக்கு வந்து பார்க்கச் சொன்னாள் வீட்டுக்காரி.

கெவினின் காது சிவந்துபோனது. நான் நேரம் எழுதியிருந்த துண்டை வாங்கி, கீழே தன் வரியை எழுதிக் கையெழுத்து வைத்தான்.

நாலு மணிக்கு இருவரும் போனோம். அவனைச் சிரித்து வரவேற்றாள். என்னைக் காட்டி, யார் என்றாள். நான் துண்டை நீட்டினேன். வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள். கெவின் தொண்டையைச் செருமிக்கொண்டு, குரல் மட்டும்தான் என்னுடையது, வீடு இவருக்கு என்றான்.

சாவியைத் தந்தாள்... என் கையில் அல்ல, ஜன்னல் கட்டையில் வைத்தாள்.

சிவமண்ணை கொதித்தார். “இவ்வளவு அவமானப்பட்டும் அந்த வீட்டிலை போய் இருக்கப் போறியோ?”

“ஓம். அங்கைதான் இருக்கப் போறன்.”

பதினொரு வருடம் இருந்தேன். அந்தச் சாப்பாட்டுக் கடைகளில் உட்கார்ந்தவர்கள் எழும்பினார்களா, நான் எழும்ப?

இப்போது எல்லாம் ஆன்லைன். பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். அந்தச் சின்ன மௌனம்கூடக் கேட்காது. பதில் வராது, அவ்வளவுதான். எனக்கு அதிலும் சந்தேகம்...

போன கிழமை கிளென்ஃபீல்டில் மகள் வீட்டில் இருந்தேன். சாவியை ஜன்னல் கட்டையில் வாங்கிய அந்த வீட்டில் வளர்ந்த அதே மகள். ரென்டுக்கு விட அவளிடமும் இப்போது ஒரு வீடு இருக்கிறது. விளம்பரம் பார்த்து யாரோ கோல் எடுத்தார்கள். ஸ்பீக்கரில் ஒரு ஆண் குரல் சமோவாத் தீவுப் பெயர் ஒன்றைச் சொன்னது.

ஒரு சின்ன மௌனம்.

“சாரி, இட்ஸ் கான்,” என்றாள் மகள். எவ்வளவு இனிமையான குரல்.

“உண்மையாப் போயிட்டுதோ பிள்ளை?”

“ஆல்மோஸ்ட், டாட். டோன்ட் ஸ்டார்ட்.”

விளம்பரம் இன்னும் இருக்கிறது. தினமும் பார்க்கிறேன். அன்று வீட்டுக்கு வந்ததும் அந்தப் பழைய துண்டைத் தேடி எடுத்தேன். எங்கள் இரண்டு கையெழுத்துக்கும் கீழே அந்தக் கோல் வந்த நேரத்தை எழுதினேன்: வியாழன், பத்து இருபது.

அடுத்த வரி காலியாக இருக்கிறது. கெவினின் நம்பர் இன்னும் என்னிடம் இருக்கிறது.