அளவில் மாற்றமில்லை

மனு கிடைத்த முப்பது நாளுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும் என்பது விதி. அரசு அலுவலகத்தில் பணியாற்றிய காலமெல்லாம் அதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். கடந்த ஆண்டு சிட்லபாக்கம் வீட்டில், அதே விதியை நம்பி உட்கார்ந்திருந்தேன்.

என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். அறுவைக்கு முன் ஏற்றும் மருந்து வேலை செய்தால் கட்டியை மட்டும் எடுப்பார்கள். இல்லையென்றால் மார்பு முழுவதையும். அதைப் பார்க்க, தாம்பரம் பக்கம் ஒரு மருத்துவமனையில் புதிதாக வந்திருந்த ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். அவள் உள்ளே போனபோது நான் கவுன்ட்டரில் ரசீதுக்கு முத்திரை வாங்கிக்கொண்டிருந்தேன்.

அறிக்கை இரண்டு பக்கம். முதல் பக்கத்தில், கட்டியின் அளவில் மாற்றமில்லை. இரண்டாம் பக்கத்தில் கட்டியின் உட்புறத்தைக் காட்டும், நீலமும் சிவப்புமான படங்கள். கீழே, மருந்துக்கு நல்ல பலன். ஒரே கோப்பில் முரணான இரண்டு குறிப்புகள்! எது செல்லும்? அறுவை டாக்டரைப் பார்ப்பதோ மீதி மருந்தும் முடிந்த பிறகுதான்.

அறிக்கையை பீரோவில் ஒளித்தேன். விளக்கம் கேட்டு மருத்துவமனைக்கு மூன்று பக்க மனு, பதிவுத் தபாலில். தினமும் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் படித்தேன். ஒரு நாள் பிழைத்தாள், மறுநாள் இல்லை. அவளோ பூக்காரியிடம் பேரம் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். விவரம் தெரியாதவள், பாவம் என்று நினைத்தேன்.

முப்பது நாள் கடந்தது. நினைவூட்டல் அனுப்பினேன். கடைசியில் பதில் வந்தது, ஒரே வரி: 'இவ்விவரம் ஸ்கேன் எடுத்த அன்றே நோயாளியிடம் நேரில் விளக்கப்பட்டது.'

கடிதத்தை அவளிடம் நீட்டினேன்.

"இதுக்கா இத்தனை நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தீங்க? டாக்டரம்மா ஸ்கிரீன்லயே காட்டினாங்களே. எனக்குப் புரியலைன்னதும், ஸ்ட்ரெச்சர் தள்ற அக்கா சொன்னாங்க: 'வூடு அப்டியேதான் கீதும்மா, உள்ள இருந்தவன் காலி பண்ணிகினு பூட்டான்'னு."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"ரிப்போர்ட் உங்க கையிலதானே இருந்துது? எல்லா ரூலும் தெரிஞ்சவராச்சே!"

பிறகு கட்டியை மட்டும்தான் எடுத்தார்கள்.

வந்த கடிதத்தில் தேதி குறிப்பது என் பழக்கம். அந்த ஒரு வரிப் பதில் வந்த அன்றே அதன் ஓரத்தில் 'முப்பத்தேழாம் நாள் பெறப்பட்டது' என்று எழுதினேன். எனக்கான பதில் முதல் நாளிலிருந்தே என் வீட்டு அடுப்படியில் காபி ஆற்றிக்கொண்டிருந்தது என்பதை எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.