பத்து வாரமும் ஒரே வீடு

அந்தப் படிவத்தை உருவாக்கியவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் இறையியல் கல்லூரியில் இன்று அதைப் பற்றி யார் கேட்டாலும் எல்லாரும் முதல்வரைத்தான் கை காட்டுகிறார்கள். பாவம், அவர் கையெழுத்து மட்டுமே போட்டார். கட்டம் கட்டமாகக் கோடு இழுத்தது என் கை.

ஊழியத்துக்கு வருவதற்கு முன்னால் பதினோரு வருடம் ஒரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்தேன். ஒவ்வொரு தையல் லைனுக்கும் முன்னால் ஒரு பலகை தொங்கும். மணிக்கு எத்தனை பீஸ் வர வேண்டும், எத்தனை வந்தது, எத்தனை திரும்பிப் போனது என்று மணிக்கொரு தரம் சாக்பீஸால் எழுத வேண்டும். மேனேஜர் எங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார். பலகையைப் பார்த்துத்தான் திட்டுவார்.

கல்லூரிக்கு அங்கீகாரம் தரும் குழு வருகிறது, மாணவர்கள் என்ன கற்றார்கள், அதனால் சபைகளுக்கு என்ன பயன் என்பதை அளந்து காட்ட வேண்டும் என்று ஒருநாள் முதல்வர் சொன்னார். ஆசிரியர்கள் எல்லாரும் முழித்தார்கள். எனக்கு அந்தப் பலகை ஞாபகத்துக்கு வந்தது. இரண்டே நாளில் களப்பணிப் படிவம் தயார். புதிதாகச் சந்தித்த வீடுகள், ஜெபித்த நபர்கள், சபைக்கு வந்தவர்கள் என்று மூன்று கட்டம். வாரத்துக்குப் பதினைந்து புதிய வீடு இலக்கு. ஒருமுறை போன வீட்டுக்கு மறுபடியும் போனால் கணக்கில் சேராது. மாணவர்கள் ஏமாற்றிவிடக் கூடாது பாருங்கள், அதற்காக. அந்த விதியும் என் மண்டையில் உதித்ததுதான். முதல்வர் தோளில் தட்டிக் கொடுத்தார். நானும் வெட்கமில்லாமல் பூரித்துப் போனேன்.

அந்த வருடம் சேர்ந்தவர்களில் ஒருவருக்கு முப்பத்தி நாலு வயது. தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்து, பத்து வருடம் ஓவர்லாக் மெஷினில் தைத்தவர். மனைவியின் கம்பெனிச் சம்பளத்தை நம்பித்தான் வேலையை விட்டுவிட்டுப் படிக்க வந்திருந்தார். எங்கள் சான்றிதழ் கையில் இருந்தால்தான் அவருடைய சபை அவரைப் போதகராக ஏற்கும். இல்லையென்றால் மறுபடியும் மெஷின்தான். கிரேக்கப் பாடத்தில் திக்கித் திணறுவார். ஆனால் விடுதியில் யாருக்காவது காய்ச்சல் என்றால் முதலில் கஞ்சியோடு போய் நிற்பது அவர்தான். அதற்கு எங்களிடம் கட்டம் இல்லை.

முதல் பருவத்தில் அவருக்கு அனுப்பர்பாளையம் பக்கம் இரண்டு தெருக்களை ஒதுக்கினேன். வரிசை வரிசையாக லைன் வீடுகள், எல்லாம் தெற்கத்திக் குடும்பங்கள், ஞாயிறு மதியம் போனால் ஆட்கள் இருப்பார்கள், இலக்கை எட்டுவது சுலபம் என்று வரைபடம் போட்டே காட்டினேன். பத்து வாரம் முடிந்து தாள்களை வாங்கிப் பார்த்தால் முதல் தாளில் புதிய வீடு ஒன்று. மற்ற ஒன்பதிலும் பூஜ்யம். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

கீழே குறிப்பு எழுதும் இடத்தில் மட்டும் பொடிப்பொடியாக எழுதியிருந்தார். அந்த வீட்டில் பக்கவாதத்தில் படுத்திருக்கும் அண்ணன், பேச்சு இல்லை, சவரம் செய்துவிட்டேன். இது ஒரு வாரம். துணி மாற்றித் திருப்பிப் படுக்க வைத்தேன், அக்கா இரண்டு மணி நேரம் தூங்கினார்கள். இது இன்னொரு வாரம். ஏழாவது தாளில் ஒரே வரி: இன்றைக்கு 'தண்ணி' என்று சொன்னார். அந்த வரிக்குப் பக்கத்தில் நான் சிவப்பு மையால் எழுதினேன்: படிவத்துக்குத் தொடர்பில்லாதது.

ஒரு மனிதன் எத்தனையோ மாதம் கழித்து வாய் திறந்து தண்ணி கேட்டிருக்கிறான். அதைப் படித்துவிட்டு நான் சிவப்புப் பேனாவைத் தேடியிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

விசாரணைக்கு அவரைக் கூப்பிட்டோம். முதல்வர் கெட்டவர் இல்லை. கொங்கு நாட்டு மரியாதையெல்லாம் குறையாமல், உட்காரச் சொல்லி, டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் கேட்டார்.

"ஏனுங்க தம்பி, பத்து வாரமா ஒரே ஊடுன்னா எப்படிங்க? மத்த ஊட்டுல இருக்கறவங்களுக்கும் ஆத்துமா இருக்குதுங்களே?"

அவர் டீயைத் தொடவில்லை. "அங்க போயி உக்காந்தா எந்திரிச்சு வர மனசு வரல ஐயா" என்றார். அவ்வளவுதான்.

முதல்வர் என் பக்கம் திரும்பினார். அவர் கண்ணில் ஒரு தயக்கம் இருந்தது, எனக்கு நன்றாகவே தெரிந்தது. இந்த ஒருவருக்கு மட்டும் பார்த்துச் செய்யலாம் என்று நான் சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பார். நான் விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்றேன். களப்பணியில் தோல்வி, அடுத்த பருவமும் இப்படியே இருந்தால் கல்லூரியில் தொடர முடியாது என்று அவருக்குக் கடிதம் போனது. தட்டச்சு செய்ததும் நான்தான். அன்போடு எழுதியிருக்கிறேன் என்று எனக்கு நினைப்பு வேறு.

அதே வாரம் கல்லூரிச் சிற்றாலயத்தில் முதல்வர், தொண்ணூற்றொன்பது ஆட்டை விட்டுவிட்டுக் காணாமல்போன ஒற்றை ஆட்டைத் தேடிப் போன மேய்ப்பனைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். உருக்கமாகத்தான் செய்தார். நாங்கள் எல்லாரும் ஆமென் சொன்னோம். ஒருத்தருக்காவது உறைக்க வேண்டுமே! கடிதம் வாங்கியவர் பின்வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

அடுத்த பருவத்தில் அவருக்கு அதே பகுதியில் வேறு தெருக்கள். முதல் வாரம் பதினைந்து வீடு, பிறகு இருபது, பிறகு முப்பதைத் தாண்டியது. குறிப்பு எழுதும் இடம் காலியாகவே இருந்தது. குழு வந்தபோது அவருடைய இரண்டு பருவத்தையும் திரையில் போட்டுக் காட்டினேன். தரையில் கிடந்த கோடு செங்குத்தாக ஏறியது. கல்வியின் பயன் என்றால் இதுதான் என்று குழுத் தலைவர் பாராட்டினார். படிவத்தின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது அது எத்தனை கல்லூரியில் ஓடிக்கொண்டிருக்கிறதோ, தெரியாது.

அறிக்கையோடு இணைக்க, பயனடைந்த குடும்பம் ஒன்றின் கையெழுத்தில் நாலு வரி வேண்டும் என்றும் கேட்டிருந்தார்கள். அத்தனை வீட்டுக்காரர்களில் யாருக்கு அவரை ஞாபகம் இருக்கும்? அவர் முகத்தை மறக்காத வீடு ஒன்றுதான் இருக்கும் என்று எனக்கே தெரிந்திருந்தது. ஞாயிறு மதியம் காகிதமும் பேனாவுமாக அங்கே போனேன்.

ஒற்றை அறை. தாடி மண்டிய மனிதர் வாசலைப் பார்த்தபடி படுத்திருந்தார். என் நிழல் விழுந்ததும் கண்ணைத் தூக்கினார், ஆள் யாரென்று பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் மனைவி, நான் கல்லூரியிலிருந்து வருகிறேன் என்றதும் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் காகிதத்தை எடுப்பதற்கு முன்பே அவர் கேட்டுவிட்டார்.

"அந்தத் தம்பி எந்த ஊருக்கு சார் போயிட்டாவ? ஞாயித்துக்கெழமையானா இவிய வாசலையே பாத்துக்கிட்டுக் கெடக்காவ. தண்ணி, சோறுன்னு நாலு வார்த்த பேசிக்கிட்டு இருந்தாவ. இப்ப அதுவும் இல்ல."

விசாரித்துச் சொல்கிறேன் என்று எதையோ உளறிவிட்டு, காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். இரண்டு தெரு தாண்டியதும் அவரே நின்றுகொண்டிருந்தார். கையில் என் படிவமும் பேனாவும். ஒரு வீட்டில் ஜெபித்து முடித்துவிட்டு ஓர் எண்ணை எழுதிக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டுக்குப் போவதே இல்லையா என்று கேட்டேன். குரலில் கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று அவருக்குத் தெரிய நியாயமில்லை. பாடம் ஒப்பிக்கும் மாணவனைப் போல நேராக நின்று, பணிவாகத்தான் பதில் சொன்னார்.

"அது போன பருவத்துலயே கணக்குல வந்த வீடுல்லா ஐயா. திரும்பப் போனா புது வீடுன்னு எழுத முடியாதுல்லா."

சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார்.