பல்செட்டுக்காரர் வீட்டுத் தவளைமீன்

பல்செட்டுக்காரர் என்று கேட்டால்தான் அந்தத் தெருவில் வழி சொல்வார்கள். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தபால்காரர்கூட உதட்டைப் பிதுக்குவார். அவருடைய அப்பாவுக்கு இரண்டு தாரம். இளைய தாரத்தின் கடைசிப் பிள்ளை இவர். மூத்த தாரத்துப் பிள்ளைகள் வீட்டையும் கடையையும் பங்கு போட்டுக்கொண்டு போன பிறகு, இவருக்கென்று மிஞ்சியது பெரிய அக்காள் புருஷன் காட்டிவிட்ட வேலை ஒன்றுதான். ஒரு பல் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத அறை. அதில் உட்கார்ந்து பொய்ப்பல் செய்யக் கற்றுக்கொண்டவர், தலை நரைக்கும் வரைக்கும் அதே அறையில்தான் இருந்தார்.

டாக்டர் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார். இவர் அதில் பிளாஸ்டர் ஊற்றித் தாடையை வார்த்து, மெழுகால் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக நடுவார். ரொம்ப வரிசையாக நட்டுவிட்டால் பொய் என்று எதிராளிக்குத் தெரிந்துவிடும். அதனால் ஒரு பல்லைக் கொஞ்சம் திருப்பி வைப்பார், இன்னொன்றின் முனையை லேசாகத் தேய்த்துவிடுவார். அந்தக் கைவேலைக்காகவே தூரத்து டாக்டர்கள்கூட அச்சை அவருக்கு அனுப்பினார்கள். ஊரில் பாதிப் பேரை அவர் முகத்தால் அல்ல, தாடையால்தான் அறிவார். கல்யாண வீட்டில் ஒரு சின்னப் பையன் கொட்டாவி விட்டால் போதும். "இவன் டிரைவர் வீட்டுப் பேரன்தானே? அந்தக் குடும்பத்துக்கே மேல்தாடை குறுகல்" என்பார். சரியாகத்தான் இருக்கும்.

அவருக்கு ஒரே மகள். அவருடைய அம்மாவின் தாடை அப்படியே அவளுக்கு. செல்லமாக வளர்ந்தவள், சாப்பாட்டில் கெட்டிக்காரி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அடுப்பங்கரையில் பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பையைக் கழற்றுவாள். அவளை நல்ல இடம் என்று நாலு பேர் சொன்ன இடத்தில்தான் கட்டிக்கொடுத்தார்கள். கட்டிக்கொடுத்துக் கொஞ்ச காலம் போய், ஒரு மத்தியானம் ஒரு பெட்டியோடு வாசலில் வந்து நின்றாள். கூட யாரும் வரவில்லை. கழுத்தெலும்பு இரண்டும் துணி மாட்டும் கம்பி மாதிரித் துருத்திக்கொண்டு நின்றன.

"என்னடி ஆச்சு? அடிச்சாங்களா?" என்று அம்மா பிடித்து உலுக்கினாள்.

"யாரும் அடிக்கலை."

"பின்னே?"

"பின்னே ஒண்ணுமில்லை. விடும்மா."

அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை, பேசவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. தட்டை முன்னால் வைத்தால் ஒரு ஓரத்தில் இருப்பதை இன்னொரு ஓரத்துக்குத் தள்ளுவாள். அம்மா கெஞ்சினாள், திட்டினாள், தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். டாக்டரம்மா பரிசோதித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் இளைச்சா இதயம் தாங்காது. ஆஸ்பத்திரியில சேர்த்துதான் ஆகணும். சேர்த்தாலும் வாய் வழியா உள்ளே போறதுதான் உடம்புல ஒட்டும். அது அவ மனசுல இருக்கு" என்றார். எத்தனையோ பேருக்கு மெல்லுவதற்குப் பல் செய்து கொடுத்த மனுஷன், முப்பத்திரண்டு பல்லும் முத்தாக இருக்கிற தன் மகளை ஒரு வாய் மெல்ல வைக்க முடியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

அந்தச் சமயத்தில்தான் மீன் வந்து சேர்ந்தது. கடைத்தெருவில் கண்ணாடித் தொட்டிகளில் கலர் மீன் விற்கிறவர் ஒருவர் இருந்தார். அவருக்கு மேல் செட், கீழ் செட் இரண்டும் இவர் கைவேலைதான். அவர் கடையில் உப்புத்தண்ணீர்த் தொட்டி ஒன்றில் ஒரு தவளைமீன் கிடந்தது. அதை யாரும் வாங்குவதாக இல்லை. கூடப் போட்ட மீன்களையெல்லாம் அது தீர்த்துக்கட்டிவிட்டது. தொட்டி, விளக்கு, தண்ணீர் ஓட்டுகிற மோட்டார், உப்புப் பொட்டலம் எல்லாவற்றையும் ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு அவரே வந்து இறங்கினார்.

"அண்ணே, நீங்க எனக்குப் பல்லு குடுத்தீங்க. நான் உங்களுக்கு வாயே குடுக்கறேன், வெச்சுக்குங்க."

பார்த்தால் மீன் மாதிரியே இல்லை. குளிக்கிற பஞ்சைக் கசக்கி எறிந்ததுபோல மஞ்சளாக, மேடும் பள்ளமுமாக ஒரு கட்டி. நீந்தத் தெரியாததுபோல, துடுப்பை முன்கால் மாதிரி ஊன்றிப் பாறைமேல் உட்கார்ந்திருக்கும். நெற்றியில் மெல்லிய தூண்டில்குச்சி ஒன்று, அதன் நுனியில் புழு மாதிரி ஒரு சதைத் துணுக்கு. அதை ஆட்டி ஆட்டிக் காட்டும். ஏமாந்து ஏதாவது கிட்டே வந்தால் வாய் திறந்ததும் தெரியாது, மூடியதும் தெரியாது. வந்தது மட்டும் இருக்காது.

"வாரத்துக்கு ரெண்டு தடவைதாண்ணே இரை. அதுவும் சின்னதா. அது எப்பப் பார்த்தாலும் பட்டினி கிடந்த மாதிரி உங்களையே பார்க்கும். இரங்கிடாதீங்க. போதும்னு சொல்லத் தெரியாத ஜென்மம். குடுத்தா முழுங்கும், முழுங்கிட்டே சாகும்" என்று கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனார்.

தொட்டியை முன்னறையில் சாப்பாட்டு மேஜைக்கு எதிரே வைத்தார்கள். வேறு இடம் இல்லை. பிளாஸ்டர் குழைத்துப் பழகிய கைக்கு உப்புத்தண்ணீர் கலப்பது ஒன்றும் கஷ்டமாக இல்லை. பல்செட்டுக்காரர் வாளியில் உப்பைக் கரைத்து, உப்பளவு காட்டும் மிதவை வைத்துப் பார்த்து ஊற்றினார். மனைவிக்குத்தான் பிடிக்கவே இல்லை. "வீட்டுக்குள்ள ஒண்ணு சாப்பிடாம கொல்லுது. இப்ப இன்னொண்ணா? இதோட மூஞ்சியப் பாருங்க, கடன் கேட்க வந்த உங்க பெரியண்ணன் மாதிரியே இருக்கு" என்றாள்.

மகள் சிரித்துவிட்டாள்.

சத்தம் வராத சிரிப்புதான். ஆனாலும் அம்மாவும் அப்பாவும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்குச் சாயங்காலம், பல் வேலைக்கு வைத்திருந்த நீளமான இடுக்கியில் ஒரு இறாலைப் பிடித்து மகளே தொட்டிக்குள் நீட்டினாள். மீன் ஓரடி நடந்து வந்தது. படக்கென்று இறாலைக் காணோம். "அம்மாடி!" என்று கையை இழுத்துக்கொண்டாள். அப்படியே போய் மேஜையில் உட்கார்ந்து, தட்டில் இருந்ததில் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்தாள். மென்றாள், விழுங்கினாள்.

அதுவரை மீனையே பார்த்திருந்த பல்செட்டுக்காரர் எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, அவள் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் அதுவே கணக்காகிவிட்டது. மீன் சாப்பிட்ட அன்றைக்கு மகள் சாப்பிட்டாள். மீனுக்கு விரதம் என்றால் தட்டு வைத்தபடியே திரும்பியது. கொஞ்ச நாள் பார்த்தார். பிறகு ஒரு காலையில், "பாப்பா, அது உன்னையே பார்க்குது பாரு. ஒரு சின்ன இறால்தானே, குடேன்" என்று இடுக்கியை அவள் கையில் கொடுத்தார்.

"நேத்துதானேப்பா குடுத்தோம்."

"இது பெரிய சாதி மீனு. தாங்கும்."

மனைவி அடுப்பங்கரையில் அவரை மடக்கிப் பிடித்தாள். "ஏங்க, அந்தாள் என்ன சொல்லிட்டுப் போனாரு? இப்படித் தினம் திணிச்சா அது வயிறு வெடிச்சுச் சாகும்."

"செத்தா சாகட்டும். என் பொண்ணு ரெண்டு வாய் திங்குதில்ல?"

"அது செத்த அன்னைக்கு?"

அந்தக் கேள்வி அவருக்குத் தோன்றாமல் இல்லை. இன்றைக்கு உள்ளே போவது இன்றைக்கு லாபம் என்று நினைத்துக்கொண்டார். தினம் ஒரு வேளை என்பது இரண்டு வேளையாயிற்று. மகளின் கன்னத்தில் துளி சதை பிடித்தது. மீன் பக்கவாட்டில் உப்பி, ஊன்றிய துடுப்பு தெரியாமல் பாறையில் பிதுங்கிக் கிடந்தது. தூண்டிலை ஆட்டுவதையும் விட்டுவிட்டது. ஒரு சாயங்காலம் மகள் கொடுத்ததை வாங்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, வெளியே துப்பியது.

மகள் இடுக்கியைக் கீழே வைத்தாள். தட்டு மேஜையில் ஆறிக்கொண்டிருந்தது. பல்செட்டுக்காரர் துப்பின இறாலை இடுக்கியில் கவ்வி மறுபடியும் அதன் வாயருகே கொண்டுபோய் ஆட்டினார். மீன் பேசாமல் இருந்தது. விடாமல் ஆட்டினார். கடைசியில் வாங்கிக்கொண்டது.

"பார்த்தியா? விளையாட்டு காட்டுது. நீ போய் சாப்பிடு."

அவள் போய் உட்கார்ந்தாள்.

மறுநாள் விடிந்ததும் விளக்கைப் போட வந்தவர், பாறைக்குப் பின்னால் அது பக்கவாட்டில் சாய்ந்து கிடப்பதைப் பார்த்தார். வாய் பாதி திறந்திருந்தது. தொட்டுப் பார்த்தார். அசைவில்லை. அடுப்பங்கரையில் பாத்திரச் சத்தம், மகளின் அறையில் கட்டில் கிறீச்சிடும் சத்தம். அந்த நேரத்தில் வேறு யாராக இருந்தாலும் மனைவியைக் கூப்பிட்டிருப்பார்கள், இல்லை மகளிடம் மெதுவாகச் சொல்லியிருப்பார்கள். இவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்டார். மீனைத் தூக்கிப் பாறைமேல் அது வழக்கமாக உட்காருகிற இடத்தில் வைத்தார். துடுப்பை விரலால் விரித்து ஊன்ற வைத்து, சாயாமலிருக்கப் பின்பக்கம் ஒரு கல்லை முட்டுக் கொடுத்தார். நேராக இருந்தால் சந்தேகம் வரும் என்று தலையை மட்டும் லேசாக வலப்பக்கம் திருப்பிவிட்டார். மோட்டாரிலிருந்து வரும் தண்ணீர் நெற்றித் தூண்டிலில் படும்படி குழாயைத் திருகினார். தூண்டில் ஆடியது. கைவேலையில் எந்தக் குறையும் சொல்ல முடியாது.

மகள் வந்தாள். இடுக்கியில் இறாலை எடுத்து நீட்டினாள். மீன் வாங்கவில்லை. இன்னும் கிட்டே கொண்டுபோனாள். பிறகு குனிந்து, கண்ணாடியில் நெற்றி படப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தக் கல் அங்கே இருந்த கல் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அப்பா, இதுக்கும் செட் வெச்சுட்டீங்களா?"

அவருடைய சட்டைக் கையிலிருந்து உப்புத்தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"தூங்குது பாப்பா..."

"நேத்து துப்பிச்சே, அப்பவே எனக்குத் தெரியும்ப்பா. அதுக்கு வேண்டாம்னு. நீங்க திரும்பத் திரும்ப நீட்டுனீங்க. அப்புறம் போய் என் எதிர்ல உட்கார்ந்துட்டீங்க."

இடுக்கியைத் துடைத்து மேஜைமேல் வைத்துவிட்டு அறைக்குள் போனாள். அன்றைக்குத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அடுத்தடுத்த நாளும் அப்படியே. குளியலறையில் விழுந்து கிடந்தவளை அம்மாவும் பக்கத்து வீட்டு வாட்ச்மேனும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். மூக்கு வழியாக ட்யூப் போட்டார்கள். ஒரு தரம் நாடி நின்று, நர்ஸுகள் ஓடி வந்து நெஞ்சை அமுக்கி மீட்டார்கள். மனைவி வராந்தாவில் அவர் உட்கார்ந்த பெஞ்சை விட்டு எழுந்து தள்ளிப் போய் நின்றாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது அவருக்கு.

ட்யூபை எடுத்த பிறகு, ஒரு மத்தியானம் கஞ்சிக் கிண்ணத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு வழக்கம்போல நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டார்.

"அப்பா, அந்தப் பக்கம் திரும்பி உட்காருங்க."

"ஏன் பாப்பா?"

அவள் கிண்ணத்தைப் பார்த்தபடியே சொன்னாள். "அந்த வீட்டுல நான் சாப்பிட உட்கார்ந்தா அவரோட அம்மா எதிர்ல வந்து உட்காருவாங்க. ஒண்ணும் பேச மாட்டாங்க. என் கை தட்டுக்கும் வாய்க்கும் போறதையே பார்ப்பாங்க. முடிக்கிற வரைக்கும் பார்ப்பாங்க. தினம். அவரு வந்து பக்கத்துல நிப்பாரு, சிரிச்சுட்டே. 'நல்லா திங்கறா இல்லம்மா'ன்னு. அப்புறம் எனக்குத் தொண்டை திறக்கலை. இங்க வந்தேன். இங்க நீங்க உட்கார்ந்துட்டீங்க."

"நான் அப்படிப் பார்க்கலையே கண்ணு. நான்..."

"தெரியும்ப்பா. நீங்க ஆசையா பார்க்கறீங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. மீனு இரை வாங்கிட்டா மட்டும் கொஞ்ச நேரம் நீங்க அதையே பார்த்துட்டு நிப்பீங்க. அதுக்குள்ள ஒரு வாய் போட்டுக்குவேன். அவ்வளவுதான்."

பல்செட்டுக்காரர் எழுந்து நாற்காலியைத் திருப்பிச் சுவர்ப் பக்கமாகப் போட்டு உட்கார்ந்தார். சுவரில் பெயின்ட் உரிந்து கிடந்தது. முதுகுக்குப் பின்னால் கிண்ணத்தில் ஸ்பூன் இடிக்கிற சத்தம் ஒரு தரம் கேட்டது. அப்புறம் வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. அது வாய்க்குப் போனதா, கிண்ணத்திலேயே கிடக்கிறதா என்று தெரியவில்லை. முழங்கால் இரண்டையும் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். திரும்பவில்லை.